நான்காம் எண்

பிர்னோவில் நவம்பர்.
வெளியே டிராம் கம்பியில் பொறி தெறிக்கிறது.
உள்ளே என் தொட்டி நெருப்பில்லாமல் புகைகிறது,
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி.
அதற்குள் ஈர்க்குச்சி போல் ஐந்து குழல்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு தொடக்கம்.
கருவியலாளர் என்று என் கதவில் எழுதியிருக்கிறது.
பனிக்குக் காவல் இருப்பவள் என்று எழுதியிருக்கலாம்.

மதிப்பெண்ணை நாங்கள் கொடுக்கவில்லை.
எங்கள் தாளில் அப்படி ஒரு கட்டமே கிடையாது.
கடல் தாண்டி ஒரு நிறுவனம்
கோப்பை வாங்கி, கூட்டிக் கழித்து
ராதிமின் தொலைபேசிக்கு அனுப்பியிருந்தது:
நான்காம் எண்ணுக்கு
மூன்று புள்ளி கூடுதல் அறிவு. ஏறத்தாழ.

அந்த ஏறத்தாழவை எனக்கு நன்றாகத் தெரியும்.
அதற்குள் ஒரு யானை படுத்துத் தூங்கலாம்.
சொன்னேன். ராதிம் தலையாட்டினான்.
"இருந்தாலும் நான்கு" என்றான்.

அவர்களுடைய மூத்தவள் அபொலேனா
வரவேற்பறை மீன்தொட்டியில் மூக்கை ஒட்டி நின்றாள்.
ஏழு வயது. சொற்கள் அவளிடம் நடந்துதான் வரும்.
"ஒன்பது" என்றாள் என்னிடம்.
ஆறு மீன்கள். இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.
இதில் தத்துவம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை.
அவள் எண்ணியது தப்பு, அவ்வளவுதான்.

ராதிம் நல்லவன். அதுதான் சிக்கல்.
"பள்ளியில் இவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.
அடுத்ததற்காவது கதவு
கொஞ்சம் லேசாகத் திறக்கட்டுமே."

நான் என்ன சொல்ல?
மகனுக்குக் கணக்கு வாத்தியார் வைத்தவள்,
தேர்வுக்கு முந்தைய இரவெல்லாம்
மீனெண்ணெயைக் கரண்டியில் நீட்டியவள்.
கோட்டை எங்கே கிழிப்பேன்,
கரண்டிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?

ஆனால் கரண்டியைக் கண்டதும் என் மகன்
வாயை இறுக மூடிக்கொள்வான்.
சட்டையெல்லாம் எண்ணெய். எனக்குக் கோபம்.
இப்போது தோன்றுகிறது,
அந்த மூடிய வாய்
இந்தக் குழல்களில் யாருக்கும் இல்லை.

இதே ஊரில், மடத்துத் தோட்டத்தில்
ஒரு துறவி பட்டாணி எண்ணினார்.
உருண்டையை எண்ணினார், சுருங்கியதையும் எண்ணினார்.
கணக்கு முடிய இரண்டும் வேண்டியிருந்தது.
மதிய உணவுக்கு
எதைச் சாப்பிட்டார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

கருவை வைக்கும் நாள் காலை
கை கழுவும் இடத்துக்கு இவெதா தனியாக வந்தாள்.
"கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுங்கள்.
எதுவென்று எனக்கும் சொல்லாதீர்கள்."
"ராதிமிடம்?"
குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

தாளில் இரண்டு கையெழுத்துகள்.
அவளுடையது இரண்டு இடத்தில் தாளைக் கிழித்திருந்தது.
முடியாது என்றேன்.
விதி என் வாய்க்குச் சுலபமாக வந்தது,
அவ்வளவு சுலபமாக வந்ததால்
அன்று முழுக்க அதை நம்பவில்லை.

நான்காம் எண்ணைப் பனியிலிருந்து மீட்டேன்.
கண்ணாடிக்கு அடியில் ஒரு சோப்புக் குமிழி,
சுருங்கியிருந்தது, பிறகு மெல்ல உப்பியது.
எங்கே வைத்திருக்கிறாய் அந்த மூன்று புள்ளியை?
என் கை நடுங்கவில்லை.
நடுங்கக் கூடாது என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பையன் என்று கேள்வி. நான்கு வயதாகிறது.
அறிவாளியா என்று தெரியாது,
கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

மற்றக் குழல்களுக்கு ஆண்டுதோறும் கட்டணம்.
இரண்டாம் வருடத்தில் பெரும்பாலோர் எழுதிவிடுவார்கள்:
இனி வேண்டாம், அப்புறப்படுத்துங்கள்.
இவெதா ஒவ்வொரு ஜனவரியும் கட்டுகிறாள்,
தன் ஒருத்தியின் கணக்கிலிருந்து.
பணத்தோடு வங்கியில் ஒரு குறிப்பு எழுதலாம்,
இதுவரை காலியாகவே விட்டிருந்தாள்.
இந்த ஆண்டு எழுதியிருக்கிறாள்:
ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து.

எந்தக் கோப்பில் சேர்ப்பதென்று தெரியாமல்
அந்த ரசீதை என் இழுப்பறையில் வைத்திருக்கிறேன்,
உணவுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில்.